சிவப்புப் பூ எடுத்த இருபத்தாறு பேர்

ஜனவரி 16, 2025, வியாழன்

பொங்கல் லீவு. நாயுடுபுரமே காலியாகக் கிடக்கிறது. மாடி அறையில் நானும் தீர்ந்துபோன கேஸ் சிலிண்டரும்தான். டீ குடிக்க ஏழு ரோடு ஜங்ஷன் வரை நடந்தேன். கடைக்காரர், "ஒரு டீதானா மேடம்?" என்று கேட்டார். ஒரு ஆளுக்கு எத்தனை டீயாம்?

மீதி நேரமெல்லாம் பேத்துப்பாறை மலைக்கிராமத்தில் நிரப்பிய ஃபாரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். எங்கள் ஆராய்ச்சியின் கேள்வி சின்னதுதான்: வாரம் ஒருநாள் பெண்களைக் கூட்டி உட்காரவைத்துப் பேசவிட்டால் தனிமை குறையுமா? ஐம்பத்திரண்டு பேர். பாதிப் பேருக்கு வியாழக்கிழமைக் கூட்டம், மீதிப் பேருக்கு வெறும் ஃபாரம். விருப்பப்பட்டவர்கள் வரட்டும் என்று விட்டால் ஏற்கெனவே கலகலப்பாக இருப்பவர்கள்தான் வருவார்கள். கூட்டம்தான் அவர்களை அப்படி ஆக்கியது என்று நாம் ஏமாந்துபோவோம். அதனால் குலுக்கல்.

ஜூலையில் நடத்திய அந்தக் குலுக்கலை நினைத்தால் எனக்கு இப்போதும் பெருமை. கம்ப்யூட்டர் பட்டியலை நீட்டினால் சண்டை வரும் என்றாள் நதியா. எங்கள் களப்பணியாளர், அந்த ஊர்ப் பெண். "பூக்கட்டிப் போட்டுருவோம் மேடம். ஒருத்தரும் மறுபேச்சு பேச மாட்டாங்க." கல்யாணமோ வழக்கோ, அங்கே அப்படித்தான் முடிவு கட்டுவார்களாம். வெள்ளரளி இருபத்தாறு, செவ்வரளி இருபத்தாறு. ஒவ்வொன்றையும் இலையில் மடித்து நூல் சுற்றினேன். நதியா தாம்பாளத்தைக் காளியம்மன் முன்னால் வைத்தாள். ஆளுக்கொரு பொட்டலம். வெள்ளை வந்தால் கூட்டம், சிவப்பு வந்தால் ஃபாரம். நான் கோயிலுக்கு வெளியே நின்று பேர் எழுதினேன். அரை மணி நேரத்தில் முடிந்தது. ஒரு முணுமுணுப்பு இல்லை.

ஜனவரி 20, திங்கள்

முடிவு வந்துவிட்டது! தனிமை அளவுகோலில் இரண்டு பக்கத்துக்கும் எட்டுப் புள்ளி வித்தியாசம். புள்ளி கூடினால் தனிமை அதிகம்; கூட்டத்துக்கு வந்தவர்களுக்குத்தான் குறைவு. குலுக்கலின் அதிர்ஷ்டத்தால் மட்டும் இவ்வளவு வர ஆயிரத்தில் ஒரு பங்குகூட வாய்ப்பில்லை.

திட்டத் தலைவர் சுசித்ரா மேடம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இத வெச்சு இன்னும் ரெண்டு வருஷம் ஃபண்ட் வாங்கிரலாம் மிஸ்பா. உங்க போஸ்ட் சேஃப்." என் ஒப்பந்தம் மார்ச் 31 வரைதான்.

அறைக்கு வந்ததும் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அண்ணனுக்கு அடித்தேன். பழனி அடிவாரத்தில் கடை. பாதயாத்திரைக் கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது. "என்னம்மா, வெரசா சொல்லு, ஆள் நிக்கிது" என்றார். ஒண்ணுமில்லண்ணே என்று வைத்துவிட்டேன்.

ஜனவரி 21, செவ்வாய்

பார்சல் பிரியாணி வாங்கி நானே கொண்டாடினேன். பாதி மீந்துவிட்டது.

ஜனவரி 24, வெள்ளி

கட்டுரைக்குப் படம் வரைந்தேன். வரையாமலே இருந்திருக்கலாம்.

வெள்ளைப் பூக்காரர்கள் ஜூலையில் 47, இப்போது 46. அசையவேயில்லை. சிவப்புப் பூக்காரர்கள் 47-லிருந்து 54. அப்படியென்றால் வித்தியாசம் எங்கிருந்து வந்தது? கூட்டத்துக்கு வந்தவர்கள் தேறியதால் அல்ல. வராதவர்கள் சரிந்ததால்.

மேடம் அசரவில்லை. "மழை, பனி, ஆறு மாசமா வீட்டுக்குள்ள அடைஞ்சு கெடந்தா எல்லாருக்கும்தான் ஏறும். கூட்டம் இவங்கள ஏறாம காப்பாத்தியிருக்கு."

நியாயம்தான். ஆனால் கேள்விகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க ஆடலூரில் முப்பது பெண்களிடம் இதே ஃபாரத்தை அதே ஜூலையிலும் ஜனவரியிலும் கொடுத்திருந்தோம். கூட்டமும் இல்லை, குலுக்கலும் இல்லை. 46, மறுபடி 46. அங்கே யாருக்கும் ஏறவில்லையே?

"ஆடலூர் கீழ்மலை. அங்க என்ன பனி? ரெண்டையும் எப்படி கம்பேர் பண்ணுவீங்க?" என்றார் மேடம். அதுவும் நியாயம்தான். இந்தப் பெண்மணி எப்போதும் நியாயமாகவே பேசித் தொலைக்கிறார்.

ஜனவரி 29, புதன்

இருபது கேள்விகளையும் தனித்தனியாகப் பிரித்துப் போட்டேன். பனிதான் காரணம் என்றால் "பேச ஆள் இல்லை", "வெளியே போவதில்லை" என்பவை ஏறியிருக்க வேண்டும். அவை கொஞ்சம்தான் ஏறியிருக்கின்றன. எகிறியிருப்பது மூன்றே கேள்விகள். ஒதுக்கி வைத்துவிட்டார்கள் என்று தோன்றுகிறதா? மற்றவர்களோடு சேர உங்களுக்குத் தகுதி இல்லை என்று தோன்றுகிறதா? உங்களை யாரும் விரும்பவில்லை என்று தோன்றுகிறதா?

பனி இப்படியா பேசும்?

தாள்களை எடுத்துப் பார்த்தேன். பிச்சையம்மாள் என்பவரின் ஃபாரத்தில் ஓரமாக நதியா பென்சிலில் எழுதியிருக்கிறாள்: "அம்மனே வேணாம்னு சொல்லிருச்சாம்."

அதற்கப்புறம் எதையும் செய்ய ஓடவில்லை. ஜன்னலில் பனி. எதிர்வீட்டு விளக்குகூடத் தெரியவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

நதியாவுக்குப் போன். பென்சிலில் எழுதியதை அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன்.

"நீங்க கேக்கவே இல்லையே மேடம். செவப்பு வந்தா சாமி வேணாங்குதுனு அர்த்தம். இது சின்னப் புள்ளைக்கும் தெரியும்."

எனக்குத் தெரியாதே! நிஜமாகவே தெரியாதா, இல்லை, சண்டை வராமல் வேலை முடிந்தால் போதும் என்று கேட்காமல் விட்டேனா? ஒருத்தரும் மறுபேச்சு பேச மாட்டார்கள் என்று அவள் சொன்னபோது, ஏன் பேச மாட்டார்கள் என்று கேட்டிருக்க வேண்டாமா? பதினைந்து வருடமாகக் காரணம் தேடுவதுதான் என் பிழைப்பு. வெட்கக்கேடு.

கட்டுரையில் "மறைத்து மூடிய பொட்டலங்கள் மூலம் பிரிக்கப்பட்டனர்" என்று எழுதியிருக்கிறேன். எவ்வளவு சுத்தமான வாக்கியம்!

பிப்ரவரி 6, வியாழன்

பேத்துப்பாறை. பிச்சையம்மாள் வீடு. அறுபது வயதிருக்கும். கணவர் இல்லை, இரண்டு மகன்களும் திருப்பூரில். காப்பிப் பழம் பறிக்கும் கூலி வேலை. இப்போது எல்லோரும் தண்ணீர் பிடித்துப் போன பிறகுதான் குழாய்க்குப் போகிறாராம். கோயில் பக்கம் போவதே இல்லை.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது.

"அம்மா, பூவ கட்டினது நான். யாரு எந்தப் பக்கம்னு பிரிக்கிறதுக்குத்தான். அம்மன்கிட்ட யாரும் எதையும் கேக்கலம்மா."



"அப்ப என்னைய வேணாம்னது நீதானா தாயி?"

"இல்லம்மா! நானும் சொல்லல. கையில எது வருதோ அது. யாருமே சொல்லல."

"யாருமே சொல்லலையா?" முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "அப்ப ஆறு மாசமா நான் எதுக்கு அழுதேன்?"

மன்னிச்சிருங்கம்மா என்றேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிப்ரவரி 7, வெள்ளி

சை.

பிப்ரவரி 10, திங்கள்

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டம் பலன் தந்ததா என்று நமக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்ததெல்லாம் நம் குலுக்கல் இருபத்தாறு பேரைக் காயப்படுத்தியிருக்கிறது என்பதுதான் என்றேன்.

"அது உங்க ஹைபாதிசிஸ். ஒரு அம்மா அழுதது டேட்டா இல்ல மிஸ்பா. கட்டுரை கடைசியில லிமிடேஷன்ஸ்னு ரெண்டு வரி போட்டுக்கலாம்."

"ஆறு மாச அழுகைக்கு ரெண்டு வரியா மேடம்?"

குரல் உயர்ந்துவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க தப்புனு நான் சொல்லல. இப்படி எழுதினா ஃபண்ட் வராது. அப்புறம் உங்களுக்கு நான் என்ன செய்ய முடியும்?"

மெதுவாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. முப்பத்தெட்டு வயது. நிக்காஹ் நாலு வருடத்தில் முறிந்தது. அத்தா போய்ச் சேர்ந்துவிட்டார். இந்த வேலையும் போனால் காலையில் எழுந்து எங்கே போவேன்?

பிப்ரவரி 14, வெள்ளி

ஆராய்ச்சிகளைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவுக்குக் கடிதம் அனுப்பிவிட்டேன். என்ன நடந்தது, யாருக்கு என்ன ஆனது, யார் பொறுப்பு. பொறுப்பு என்ற இடத்தில் என் பெயர். நதியாவின் பெயரை எங்கேயும் போடவில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

பதில் வந்தது. சிவப்புப் பூ வந்தவர்களையும் உடனே கூட்டத்தில் சேர்க்க வேண்டும். ஒவ்வொருவரிடமும் நேரில் விளக்க வேண்டும். திட்டம் மார்ச்சோடு முடிகிறது, நீட்டிப்பு இல்லை. மேடம் என் மேஜையைத் தாண்டிப் போனார். இரண்டு அடி போய்த் திரும்பி வந்து, "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

மார்ச் 8, சனி

நோன்பு ஏழு. பள்ளிவாசல் கஞ்சியைத் தூக்குவாளியில் வாங்கிவந்து, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தனியாக நோன்பு திறந்தேன். தொழுகைக்கு அழைக்கும் வாங்கு சத்தம் கேட்டதும், யாருக்கும் பேரீச்சம்பழம் நீட்ட வேண்டியதில்லை என்பது உறைத்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வரட்டும்.

இந்த வாரத்தோடு இருபத்தாறு வீடுகளும் முடிந்தன. நதியாவும் கூடவே வந்தாள். ஒன்பது பேர் சிரித்தார்கள்: "அத நாங்க அப்பவே மறந்துட்டோம்." ஒருத்தி பிடிபிடியென்று பிடித்தாள்: "வேற மதத்துக்காரி கட்டின பூவுன்னு முன்னாடியே சொல்றதுக்கென்ன?" வாங்கிக்கொண்டேன். நதியாவுக்குத்தான் முகம் சுண்டிப்போனது. பிச்சையம்மாள் வீட்டுக் கதவு மூன்று முறையும் திறக்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

கூட்டத்துக்குச் சிவப்பிலிருந்து பதினோரு பேர். பிச்சையம்மாள் வரவில்லை.

மார்ச் 20, வியாழன்

யானை நடமாட்டம் என்று பஸ்ஸை ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டார்கள். பன்னிரண்டு பேர். பிச்சையம்மாள் வரவில்லை.

மார்ச் 27, வியாழன்

கடைசிக் கூட்டம். பாதியில் கதவருகே ஒரு நிழல். பிச்சையம்மாள்!

உள்ளே கூப்பிட்டால் திரும்பிப் போய்விடுவாரோ என்று பேசாமல் இருந்தேன். பக்கத்தில் இருந்தவள் பாயை இழுத்து இடம் விட்டாள். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். காப்பிச் செடியில் ஏறிய எறும்பு கடித்ததைப் பற்றி ஏதோ பேச்சு. ஒரு தடவை சிரிக்கக்கூடச் செய்தார்.

முடிந்ததும் என்னிடம் வந்தார். "என்ன தாயி, நீ டீத்தண்ணி குடிக்கல?"

"நோன்பும்மா."

"அடி ஆத்தி. வெறும் வயித்தோடயா இவ்வளவு தூரம் வந்த? சரி, அடுத்த வாரம் வெள்ளனே வா."

"என் வேலை முடிஞ்சிருச்சும்மா. ஆபீஸ்ல இனிமே அனுப்ப மாட்டாங்க."

"வேலைக்கா உன்னைய வரச் சொன்னேன்?"

பஸ்ஸில் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். பழனியில் அண்ணன் வீடு. ஒப்பந்தமும் இன்றோடு சரி. "இனிமே எதுக்கு அந்தக் குளிர்ல தனியா? இங்கயே இருந்துரு" என்றார் அண்ணன். பார்க்கலாம்ணே என்றேன்.

ஏப்ரல் 3, வியாழன்

அதிகாலைப் பஸ்ஸில் பழனியிலிருந்து மலையேறி, மூட்டையோடு நேராகப் பேத்துப்பாறை. திட்டம் முடிந்தும் தாங்களாகவே கூடியிருந்தார்கள், பதினாறு பேர். ஃபாரம் இல்லை. கூட்டம் தனிமையைக் குறைக்கிறதா என்ற கேள்விக்கு இன்னும் என்னிடம் விடை இல்லை. இரண்டு பூக்காரர்களும் கலந்துவிட்ட பிறகு இனி இந்த ஊரில் விடை கிடைக்கவும் வழியில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

வத்தலக்குண்டு பக்கம் ஒரு கல்லூரியிலிருந்து போன். புள்ளியியல் பாடம், வாரம் நான்கு நாள், சம்பளம் முன்பு வாங்கியதில் பாதி. சரி என்றேன். எந்த நாள் லீவு வேண்டும் என்று கேட்டார்கள். வியாழன் என்றேன். போனில் பேசிய அம்மா விடவில்லை, வியாழக்கிழமை அப்படி என்ன சோலி என்று கேட்டார்.

"போகலேன்னா தேடுவாங்க" என்றேன்.