நின்று எறிபவனும் ஓடி எறிபவனும்

மாப்பிள்ளை,

இன்று காலை நான் பட்டாசு லேபிள் அடிக்கும் பிரஸ்ஸில் சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தினார்கள். மற்றவர்களுக்கு அது சாமி வாசனை, எனக்கு உன் கை வாசனை. பட்டாசுக் கம்பெனியில் புதுச் சரக்கைக் கொளுத்திப் பார்க்கும் வேலை உன்னுடையது. நீளக் குச்சியின் நுனியில் ஊதுபத்தியைக் கட்டி, எம். புதுப்பட்டிக்கு வெளியே அந்தப் பொட்டலில் நீ திரியைத் தொடுவதை எத்தனையோ சாயங்காலம் பார்த்திருக்கிறேன். தொடுவதை மட்டும்தான். திரி சீறியதுமே நான் லாரிக்குப் பின்னால் இருப்பேன்.

இன்று திங்கட்கிழமை வேறு. நீ இருந்தால் விடிந்ததுமே காராச்சேவுப் பொட்டலத்தோடு வந்து, என் மேசையில் மை டப்பா மீது செல்போனைச் சாய்த்து, அமெரிக்கக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆடும் ஃபுட்பாலைப் போட்டிருப்பாய். காலால் உதைக்கும் ஃபுட்பால் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்து, மோதி, கட்டிப் புரளும் ஆட்டம். அங்கே மகள் வீட்டுக்குப் போன இடத்தில் மருமகனோடு பேச வேறு பேச்சில்லாமல் அதைக் கற்றுக்கொண்டாய். ஊருக்கு வந்து அதைப் பேச ஆளில்லாமல் என்னைப் பிடித்துக்கொண்டாய்.

பந்தை வாங்கி எறிபவனுக்குக் குவாட்டர்பேக் என்று பெயர். அவனைச் சாய்க்க எதிராளிகள் முட்டிக்கொண்டு வருவார்கள். தன் ஆட்கள் அரண் கட்டி நிற்க, நடுவில் கலங்காமல் நின்று, ஆள் தோதான இடத்துக்கு வரும்வரை பொறுத்து எறிபவன் ஒரு ரகம். அரண் ஆட்டம் கண்டதும் பந்தோடு காலைக் கிளப்புகிறவன் இன்னொரு ரகம். நான் நிற்பவன் கட்சி, நீ ஓடுபவன் கட்சி.

"ஓடுறவனுக்கு முட்டி போச்சுன்னா எல்லாம் போச்சு. நின்னு எறியுறவன் நாப்பது வயசுலயும் எறிவான்" என்பேன்.

"ஏலே, நிக்கிறவனுக்கு முன்னால ஒருத்தன் சறுக்குனா கதை முடிஞ்சிது. ஓடத் தெரிஞ்சவனுக்குப் போட்ட திட்டம் போனாலும் ஆட்டம் போகாது" என்பாய், வாய் நிறையக் காராச்சேவோடு.

பிரஸ்ஸில் நெட் வராத ஒரு திங்கட்கிழமை உன் வீட்டில் உட்கார்ந்து இதையே கத்திக்கொண்டிருந்தோம். உன்னைக் கட்டிக்கொண்ட தங்கச்சி டீயை வைத்துவிட்டு உன்னைப் பார்த்துச் சொன்னது: "ரெண்டு பேரும் மாத்தில்ல பேசுறீக. வெடிகிட்ட நிக்கிறவுக ஓடுறவனைக் கும்பிடுறீக, சத்தம் கேட்டாலே ஓடுறவுக நிக்கிறவனைக் கும்பிடுறாக."

தங்கச்சி சொன்னது உண்மைதானே. திரியைப் பற்ற வைத்துவிட்டு நீ ஓடியதே இல்லை. அதன்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் அடிமேல் அடியாகப் பின்னோக்கி நடந்து வருவாய். உனக்குப் பிடிக்காத அந்த நிற்கிற குவாட்டர்பேக்குகள் அப்படித்தான் பின்வாங்குவார்கள்.

"பூ விரியுற படத்தை லோடு லோடா அடிக்கியே. நெசத்துல வானத்துல ஒரு பூவு விரிஞ்சு பாத்திருக்கியாலே?" என்று கேட்பாய். பார்த்ததில்லை. லாரிக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டும்போது புகைதான் மிச்சம் இருக்கும். அந்த ஒரு விஷயத்தில் எனக்கு உள்ளுக்குள் வெட்கம்தான்.

கடைசியில் முட்டி போனது உனக்குத்தான். பொட்டல் ஓரத்தில் நாற்காலி போட்டு உன்னை உட்கார வைத்துவிட்டார்கள். "அடுத்த சீசன் புதுச் சரக்கை நீதாம்லே பத்த வைக்கணும்" என்றாய். பார்க்கலாம் என்றேன். உனக்கா என்னைத் தெரியாது, உடனே சொன்னாய்: "ஓட வேண்டாம்னு சொல்லல. கண்ணு மட்டும் மேல இருக்கட்டும். நல்லா ஓடுறவன் எவனும் தரையைப் பாத்து ஓட மாட்டான். யாருக்குப் பந்தைப் போடலாம்னு பாத்துக்கிட்டேதான் ஓடுவான்."

அந்தச் சீசன் வருமுன் பங்குனியில் தூக்கத்திலேயே போய்விட்டாய். எதற்கும் அவசரப்படாதவன் இதற்கு மட்டும் ஓடிவிட்டாயே என்று எனக்கு அழுகையோடு கோபமும் வந்தது.

நீ சொல்லி வைத்திருந்தாயாம், போன வாரம் புதுச் சரக்கைப் பற்ற வைக்கக் கம்பெனியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். தங்கச்சி கதவுக்குப் பின்னாலிருந்து உன் குச்சியை எடுத்துக் கொடுத்து, "கொண்டு போங்கண்ணே" என்றது. திரியைத் தொட்டேன். சீறியது. உன் மானத்தைக் காப்பாற்ற நின்றேன் என்று எழுத ஆசைதான். ஓடினேன். ஆனால் கழுத்தைத் திருப்பி, மேலே பார்த்துக்கொண்டே ஓடினேன். ஒரு செருப்பு கழன்றது, கால் இடறி மண்ணில் உட்கார்ந்துவிட்டேன், பையன்கள் சிரித்தார்கள். தலைக்கு மேலே பூ விரிந்தது. பச்சையாக விரிந்து, ஓரமெல்லாம் பொன்னாக உதிர்ந்தது. நான் அடித்த லேபிளில் அந்தப் பொன் இல்லை. அடுத்த ஆர்டரில் சேர்க்கச் சொல்லிவிட்டேன்.

மண்ணில் உட்கார்ந்தபடியே, உன் நாற்காலி கிடக்கும் பக்கம் திரும்பி, "பாத்துட்டேம்லே" என்றேன்.

குச்சி இப்போது என்னிடம் இருக்கிறது. அடுத்த சரக்குக்கும் என்னைத்தான் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஓடத்தான் போகிறேன் மாப்பிள்ளை, மேலே பார்த்துக்கொண்டு.