மைக்கின் முகம்

மார்ச் 4
தங்கையின் கிளாரினெட்டை வீட்டிலேயே பதிவு செய்ய எதை வாங்குவது? இசைப் பள்ளிக்கு விண்ணப்பம். இரண்டு உருப்படிகள், வெட்டு ஒட்டு இல்லாமல், முப்பதாம் தேதிக்குள். போனே போதும் என்கிறாள். போனில் அவள் வாசிப்பு குக்கர் விசில் மாதிரி இருக்கிறது.

மார்ச் 7
மூன்று நாளாக விமர்சனங்களாகப் படித்துத் தள்ளுகிறேன். என் ஆய்வேட்டுக்குக்கூட இவ்வளவு படிக்கவில்லை. கையடக்க ரெக்கார்டரா? கணினியில் செருகும் மைக்கா?
"வாசிக்கப் போறது நான். உனக்கு ஏன்க்கா இவ்வளவு படபடப்பு?"

மார்ச் 9
மைக்தான். கறுப்பு உருளை, மேல்பாதி சல்லடை. பிரிக்கும்போது அப்பா எட்டிப் பார்த்தார், காலை ஷிப்டில் பஸ் ஓட்டிய களைப்போடு.
"ஊதி ஊதி என்ன ஆகப் போகுது? மனுஷனைத் தூங்க விடுங்கம்மா."
கதவைச் சாத்திக்கொண்டார்.
ஒயர் குட்டை. மைக் அவர் கதவை ஒட்டித்தான் நிற்கிறது. அவள் எதிரே, ஜன்னலோரம்.

மார்ச் 10
அலமாரிமேல் போர்வை. ஜன்னலுக்கு மெத்தை. சத்தம் வராமலிருக்க ஃபிரிட்ஜை அணைத்தோம். திரும்பப் போட மறந்தோம். பால் போச்சு.

மார்ச் 15
பத்தொன்பது பதிவுகள். எல்லாமே கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி.
அவள் கருவியைக் கழற்றித் துடைத்தாள். ஒவ்வொரு துண்டாக. ரொம்ப நேரம்.
"நல்ல மைக்தானேக்கா அது. அப்போ என் வாசிப்புதான் இப்படி."
எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

மார்ச் 16
அவள் பெட்டியைத் திறக்கவே இல்லை.

மார்ச் 18
மைக்கையும் பதிவுகளையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன், சண்டை போட. கடைக்காரர் பெரிய ஹெட்போனை மாட்டிக் கேட்டார். சிரிக்க ஆரம்பித்தார்.
"யாரும்மா இது, உள்ள வண்டி ஓட்டுறது?"
வாங்கி மாட்டிக்கொண்டேன். கிளாரினெட் நிற்கிற இடங்களில், காதுக்குப் பக்கத்தில் — ஒரு முனகல். சுருதி பிசகாமல். அவள் எப்போதும் தடுக்கி விழுகிற அந்த வேகமான இறக்கத்துக்கு முன்னால்: "மெதுவா... மெதுவா... வளைவு வருது... ஆங், இப்ப விடு!"
அப்பா.
தூங்குகிற அப்பா.
"மைக் திரும்பி நிக்குதும்மா. பேர் போட்ட பக்கம்தான் முகம். நீங்க அதோட முதுகுக்கு வாசிச்சிருக்கீங்க."
இத்தனை நாளும் நாங்கள் பதிவு செய்தது கதவை. வீட்டில் கணினியின் குட்டி ஸ்பீக்கரில், கிளாரினெட்டை மட்டுமே தேடிக்கொண்டிருந்தோம்.

இன்னும் கொஞ்சம், அதே நாள் —
தங்கைக்குப் போட்டுக் காட்டினேன். கட்டிலில் உருண்டு உருண்டு சிரித்தாள். அந்த "இப்ப விடு"வை மட்டும் ஏழு தடவை கேட்டாள். பிறகு பெட்டியைத் திறந்தாள்.

மார்ச் 22
மைக்கைத் திருப்பி வைத்தேன். அவள் அப்பாவின் கதவைத் தட்டினாள்.
"தூங்கினது போதும், வந்து உக்காருங்க."
"எனக்கு என்னம்மா தெரியும் இதெல்லாம்?"
"வளைவு தெரியுதுல்ல?"
அப்பாவுக்குக் காது மடல் சிவந்து நான் பார்த்ததேயில்லை. சத்தம் வந்துவிடாமல் துண்டைக் கடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார்.
வளைவு வந்தது. அவர் கைகள் காற்றில் ஸ்டீயரிங்கை ஒடித்தன. அவள் பார்த்துவிட்டாள். உதடு சிரிக்கப் போனது — சிரித்தால் ஊத முடியாது. பிடித்துக்கொண்டாள். வளைந்தாள்.
முதல் பதிவே. அனுப்பியாயிற்று.

ஜூன் 2
பெட்டி கட்டுகிறாள். இசைப் பள்ளி விடுதியில் இரண்டு பேருக்கு ஒரு அறையாம்.
மைக்கை என் ஸ்வெட்டரில் சுற்றிக்கொண்டிருந்தேன். அப்பா வாங்கிக்கொண்டார். என் நகப்பூச்சை எடுத்து, பேர் போட்ட பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார்.
"தனியா இருக்கப் போறா. திருப்பி வெச்சுத் தொலைச்சுட்டா?"
காயட்டும் என்று ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார்.
கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள் தங்கை.
"ஊதி ஊதி என்னப்பா ஆகப் போகுது?"
அவர் நிமிரவில்லை. இன்னொரு முறை ஊதினார்.