நீங்களும் பிரெஞ்சா?

டூங்கபி ரயில் நிலையம், சிட்னி

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

இங்கே நான் சுகம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி? நடந்ததைப் போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

அங்கே பாரிஸில் தாக்குதல் நடந்த பிறகு தம்பி நிதுஷன் போனை எடுக்கவே இல்லை அல்லவா? அறையில் தனியே இருக்க முடியாமல், இங்குள்ள பிரெஞ்சுக்காரர்கள் சிட்னி நகரத்தில் கூடி அஞ்சலி செலுத்திய இடத்துக்குப் போனேன். எல்லோரும் மௌனமாக நின்றபோது பைக்குள் போன் அதிர்ந்தது. அவசரமாகக் கையை விட்டேன். பக்கத்தில் நின்ற பெரியவர் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, பைக்குள் என்ன என்று ஆங்கிலத்தில் அதட்டினார். சுற்றி நின்றவர்கள் விலகினார்கள்.

"பாரிஸிலிருந்து போன், என் தம்பியாக இருக்கும், விடுங்கள்!" என்று பிரெஞ்சில் கத்தினேன். அவர் கை தளர்ந்தது.

"அக்கா, எனக்கு ஒண்டும் இல்லை. போன்தான் துலைஞ்சு போட்டுது, இது சிநேகிதன்ரை போன்," என்றான் தம்பி. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

பெரியவர் குனிந்து மன்னிப்புக் கேட்டார். "நீங்களும் பிரெஞ்சா?"

"நான் வளர்ந்ததே பாரிஸில்தான்."

பிறகு பிரெஞ்சுத் தேசிய கீதம் பாடினார்கள். அவர் பக்கத்தில் நின்று நானும் பாடினேன், அப்பா. பிரான்ஸ் நாடே ஒன்றாக நிற்கிறது என்று செய்தியில் சொல்கிறார்கள். அந்த ஒன்றுக்குள் போக நான் மட்டும் யாரென்று பதில் சொல்ல வேண்டியிருந்தது.

பயப்படாதீர்கள், கை வலிக்கவில்லை. அடையாள அட்டை இல்லாமல் தம்பியை வெளியே விடாதீர்கள். வேலை முடிந்து வந்ததும் ஒரு மிஸ்ட் கோல் தாருங்கள். கதைக்க நேரமில்லாவிட்டாலும் பரவாயில்லை, எல்லோரும் வீட்டில் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் போதும். ரயில் வருகிறது.

உங்கள் மகள்,
சுஜீவா