மரத்தடி மண்

மார்ச் 4
காட்டு மண்ணைச் சோதித்தாயிற்று. மறுபடியும் அதே கதை. மண்ணில் ஊறிய நீரில் அலுமினியம் எகிறி நிற்கிறது. உருக்காலைப் புகை மழையோடு இறங்கி, மண்ணை அமிலமாகப் புளிக்க வைத்து, தன் பாட்டுக்கு உள்ளே கிடந்த அலுமினியத்தைக் கரைத்து ஓடைக்கு அனுப்புகிறது. மேலதிகாரி கண்ணாடியைக்கூடப் போடவில்லை. "அலுமினியம் மண்ணுல இருக்கறதுதானேம்மா? ஆலையா கொண்டாந்து கொட்டுச்சு?"

இருந்தது சார், கரையாமல் இருந்தது! எத்தனை தடவைதான் சொல்வது?

மார்ச் 11
இனி மரத்தடியில் மண் எடுக்கக் கூடாதாம், மேலதிகாரி உத்தரவு. "இலையில படிஞ்ச புகையெல்லாம் மழை கழுவி அங்கதானே விடுது? கூடுதலாத்தான் காட்டும். வெட்டவெளியில எடுங்க." காட்டு மண்ணை மரமில்லாத இடத்தில் எடுக்க வேண்டும்! காய்ச்சல் எனக்கு, தெர்மாமீட்டர் பக்கத்து வீட்டுக்காரிக்கு.

போதாக்குறைக்கு, "உங்க வீட்டுக்காரர் அந்த ஓடைத் தண்ணியிலதானே மீன் வளர்க்கறாரு? அதான் இவ்வளவு வேகம்." பற்றிக்கொண்டு வந்தது.

மார்ச் 12
வெட்டவெளியில் எடுத்து, பையில் 'இடம் — காடு' என்று எழுதினேன். வேலை வேண்டுமே.

ஏப்ரல் 2
'காடு நலம்' என்று அறிக்கை போய்விட்டது. கீழே என் கையெழுத்து. சீ.

ஓடைத் தண்ணீரைத் தொட்டியில் விடாதீங்க என்று இவரிடம் கெஞ்சினேன். "பாருடி, எவ்வளவு தெளிவா இருக்கு! அடியில கல்லு தெரியுது." ஐயோ, பாசியும் பூச்சியும் செத்துப்போன தெளிவு அது! "ஆபீஸ் கோபத்தை என் மீன்மேல காட்டாத. வேற தண்ணிக்கு நான் எங்க போவேன்?" அங்கேயும் என்னை நம்ப ஆளில்லை, இங்கேயும் இல்லை.

மே 19
நல்ல மழை. மீன்குஞ்சுகள் எல்லாம் வாயைப் பிளந்தபடி மிதக்கின்றன. செவுளில் சளி, அலுமினியம் செய்யும் வேலை. இவர் வலையைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். செத்ததை நானே வாளியில் அள்ளினேன். அழுகைதான் வந்தது.

மே 20
மேலதிகாரி: "மீன் சாகறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும்மா."

மறு வருடம், மார்ச் 9
மண் எடுக்கும் நாள். இவரே பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். காலையில் தீனி போட இப்போது மீன் ஏது? வெட்டவெளி தேடி அலையவில்லை. பழைய மரத்தடிக்கே போனோம். "முன்ன இங்க நல்ல நிழலா இருக்குமேடி," என்றார். பட்டுப்போன மரங்களைப் போன மழைக்காலத்துக்கு முன்பே வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. இவர் தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார்.

மண் பையில் எழுதினேன்: இடம் — வெட்டவெளி. இந்த முறை பொய்யில்லை.