உன்னைக் கேட்காமல் சொன்னது

யேசு மரி சூசை துணை

கண்டக்குழி
11.11.2018

அன்புள்ள மகன் ஜெனோசனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் உடம்பால் சுகம், மனதைப் பற்றிக் கேட்காதே. நீ அங்கே நோய் நொடி இல்லாமல் இருக்கத் தலவிலக் கோயில் அன்னம்மாளைக் கேட்டுக்கொண்டுதான் பேனையைத் திறந்தேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் உன் முகம் எனக்குத் தெரியும், என் முகமும் உனக்குத் தெரியும், அப்படி இருந்துகொண்டு இதைச் சொல்ல என்னால் முடியாது. கடைசியாகக் கதைத்த அன்று பாதியில் நின்றதே, சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருந்தால் அது இல்லை, நான்தான் போனை அமத்தினேன். மற்றப்படி கடல் அடங்கித் தொழில் தொடங்கிவிட்டது, வலையில் சாளையும் சூடையும் படுகிறது, குசினிக் கூரைக்குப் புதுத் தகரம் போட்டாயிற்று, அம்மாவின் முழங்கால் நோவு மழைக்குக் கொஞ்சம் கூடியிருக்கிறது. ஊர்ப் புதினம் இவ்வளவுதான் என்று எழுதி முடிக்க ஆசையாக இருக்கிறது, ஆனால் அது பொய்.

நீ அங்கே பாட்னரோடு இருக்கிறேன் என்று முதன்முதல் சொன்னபோது நான் என்ன விளங்கினேன் தெரியுமா? நம்முடைய கரையில் பாட்னர் என்றால் வள்ளத்தில் பாதி, எஞ்சினில் பாதி போட்டவன். என் மகன் இத்தாலியில் ஒரு வெள்ளைக்காரனோடு பங்குக்குக் கடை நடத்துகிறான் என்று கண்டக்குழி முழுக்கச் சொல்லித் திரிந்தேன். உன் பாட்னர் எமீலியோவை அதிகம் நம்பாதே, எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கு, பிரியிற நேரம் வந்தால் எஞ்சின் யாருக்கு வலை யாருக்கு என்று இப்போதே கதைத்து வை என்று ஒவ்வொரு முறையும் உனக்குப் புத்தி சொன்னேன். நீயும் ஓம் அப்பா, ஓம் அப்பா என்றாய். போன நத்தாருக்கு, பாலன் யேசு பிறந்த இரவில், அவன் கேக் வெட்டி உன் வாயில் ஊட்டியதை வீடியோவில் பார்த்துவிட்டு, முதலாளித்தனம் இல்லாத நல்ல மனிசன் என்று அம்மாவிடம் சொன்னவனும் நான்தான். இப்போது நினைக்கச் சிரிப்பு வருகிறது, சிரித்த கையோடு என்மேலேயே ஆத்திரமும் வருகிறது.

சின்னத்துரை மாமாவின் மகள் வதனாவை உனக்குக் கேட்டு ஆவணியில் வாக்குக் கொடுத்ததை நீ அறிவாய். பார்ப்போம் அப்பா என்று நீ இழுத்ததை வெட்கம் என்று நான் எடுத்துக்கொண்டேன். சண்டை நேரம் பேசாலையிலிருந்து ஒரே வள்ளத்தில் ஓடிவந்து ஒரே முகாமில் கஞ்சி குடித்த குடும்பம், இதைவிட வேறு சம்பந்தம் எங்கே தேடுவது? கோயிலில் கலியாண ஓலை வாசிக்கப் பங்குச் சுவாமியிடம் நாள் கேட்கப் போகிறேன் என்று சொல்லத்தான் அன்று உனக்கு எடுத்தேன். அப்போதுதானே நீ, அப்பா, எமீலியோ யாவாரப் பாட்னர் இல்லை, நாங்க ரெண்டு பேரும் குடும்பமா இருக்கிறம், நகரசபையில பதிஞ்சும் போட்டம், என்ர மனம் ஒரு நாளும் பொம்பிளையளில போகேல்லை, சின்னனில இருந்தே அப்பிடித்தான் என்றாய். அதோடு நான் போனை அமத்திவிட்டேன். முற்றத்தில் எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ தெரியாது, அம்மா வந்து கையில் இருந்த போனைப் பிடுங்கி எடுத்தாள். ஆணும் ஆணும் குடும்பமாக இருப்பது எனக்கு விளங்கவில்லை மகன், விளங்குகிறது என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். ஆனால் சின்னனில் இருந்தே என்றாயே, அதுதான் என்னை உலுப்பிவிட்டது. என்னோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்த பிள்ளை, உனக்குக் காய்ச்சல் வந்தால் தொடாமலே கண்டுபிடிக்கிற எனக்கு, இது எப்படித் தெரியாமல் போனது? அம்மா அழுது முடித்துவிட்டு, அவனைக் கூப்பிட்டுக் கட்டி வைப்பம், ஒரு பிள்ளை கிடைச்சா எல்லாம் மாறிப்போகும் என்றாள். வதனா என்ன மருந்துப் போத்தலா, உன்ர மகனுக்குக் குடிக்கக் குடுத்துப் பாக்கிறதுக்கு என்று நான் கத்தினேன். கத்திய பிறகு நான் யாருடைய பக்கம் நிற்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை.

சின்னத்துரையிடம் போய், மகனுக்கு இப்போது கலியாணத்தில் விருப்பமில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை. அவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. பேசிய கலியாணம் குழம்பினால் ஊர் மாப்பிள்ளையில் குறை தேடாது, பெண்ணில்தான் தேடும் என்பதை நான் யோசிக்கவில்லை. வதனா போன வருசம் கருப்பையில் கட்டி என்று சிலாபத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தவள் அல்லவா, அதை எடுத்துப் பிடித்துக்கொண்டார்கள். கட்டியும் இல்லை ஒண்டும் இல்லை, வயித்தில இருந்ததைக் கலைச்சிட்டு வந்தவள், அது தெரிஞ்சுதான் இத்தாலி மாப்பிள்ளை வேண்டாமெண்டவன் என்று கரையில் மீன் வாங்கிக்கொண்டே கதைக்கிறார்கள். அவள் படிப்பிக்கிற முன்பள்ளிக்கு இரண்டு மூன்று பேர் பிள்ளைகளை அனுப்பாமல் விட்டார்கள். யார் என்று நினைக்கிறாய்? அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பாணும் சோடாவும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போன அதே பெண்கள். அவள் உண்மையிலேயே என்ன செய்திருந்தாலும் அது அவளுடைய உடம்பு, அவளுடைய ஆத்துமம், இவர்களுக்கு அதில் என்ன பங்கு? இந்தச் சனங்களோடுதானா இவ்வளவு காலம் ஒரே கோயிலில் முழங்காலில் நின்றேன் என்று எனக்கு மேலெல்லாம் நடுங்கியது. நீ சொன்னதைக் கேட்டபோதுகூட இப்படி நடுங்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன்.

போன வியாழன் காலையில் மீன் ஏலம் போகிற இடத்துக்குச் சின்னத்துரை வந்தார். சவரம் செய்யாத முகம், சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக, நாளைக்கு என்ர மகளைச் சிலாபத்துக்குக் கொண்டுபோய், அவள் சுத்தமெண்டு டொக்டரிட்டத் துண்டு எடுத்துக்கொண்டு வந்து கோயில் வாசல்ல வைச்சுக் காட்டப்போறன், அதுக்குப் பிறகு ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது என்றார். பெற்ற தகப்பன், வளர்ந்த மகளை, அப்படிக் கொண்டுபோய்க் காட்டப் போகிறாராம். அங்கே நின்ற ஒருத்தருக்கும் அது பிழையாகப் படவில்லை, காட்டட்டும் காட்டட்டும் என்று தலையாட்டினார்கள். நான் யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன், வாய் தானாகத் திறந்தது. சின்னத்துரை, அவளில ஒரு குறையும் இல்லை, என்ர மகன் அங்க ஒரு ஆம்பிளையோட குடும்பமா இருக்கிறான், பதிஞ்சு இருக்கிறான், அதுதான் காரணம், அவளை ஒரு இடமும் கொண்டுபோகாதை என்று சொல்லிவிட்டேன். தராசு பிடித்தவன் கை அப்படியே நின்றது. ஒருவன் மணலில் காறித் துப்பினான். கற்பிட்டியிலிருந்து மீன் எடுக்க வருகிற லாபிர்தான் கடைசியில், யாகப்பு அண்ணன், மீன் வெயிலில கிடக்கு, நிறுத்துப் போட்டுக் கதைப்பம் என்றான். சின்னத்துரை திரும்பிப் போனார், இன்றுவரை என்னோடு கதைக்கவில்லை. ஆனால் அவளைச் சிலாபத்துக்குக் கொண்டுபோகவில்லை. என் வள்ளத்துக்கு வந்த இருவர் வேறு வள்ளத்துக்குப் போய்விட்டார்கள். அம்மாவிடம் வந்து, மகனுக்கு இது வருத்தம், வைத்தியத்துக்கு அங்கே காட்டலாம் இங்கே காட்டலாம் என்று இடம் சொல்கிறவர்களுக்கும் குறைவில்லை. அம்மா முதலில் அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தாள், நேற்று ஒருத்திக்குக் கொடுக்கவில்லை.

இப்போதுதான் நான் எழுத வந்த விசயம். வெள்ளிக்கிழமை பின்னேரம் வதனா எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஒன்றில் நன்றி சொல்ல வருகிறாள், இல்லாவிட்டால் ஏன் முதலே சொல்லவில்லை என்று ஏச வருகிறாள் என்று நினைத்து, ஏச்சுக்கே ஆயத்தமாக இருந்தேன். அவள் வாசலிலேயே நின்றுகொண்டு, மாமா, அவரிட்டக் கேட்டுப்போட்டோ சொன்னனீங்கள் என்று கேட்டாள். அவ்வளவுதான். ஊர் முழுக்க நாறடிக்கப்பட்ட பிள்ளை தன்னைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் உன்னைப் பற்றிக் கேட்கிறாள். ஜெனோ, நான் திகைத்துப் போனேன். அவளை நாலு பேர் முன்னால் கொண்டுபோய்க் காட்டக்கூடாது என்று கத்திய நான், அதே வாயால், அதே இடத்தில், உன்னைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறேன். நீ எனக்கு மட்டும் நம்பிச் சொன்னதை மீன் வாங்க வந்தவர்களுக்குச் சொன்னேன். வேறு வழி இருந்ததா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன், இருந்ததாகத் தெரியவில்லை, ஆனாலும் உன்னைக் கேட்கவில்லை என்பது கேட்கவில்லைதான். உனக்குச் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன். வேறு யாராவது உனக்கு போனில் சொல்ல முந்தி இந்தக் கடிதம் வந்து சேர வேண்டும் என்று தபால் கந்தோரில் விரைவாகப் போகிற வழி கேட்டு அனுப்புகிறேன். கோபம் என்றால் கோபப்படு, ஏச வேண்டும் என்றால் எடுத்து ஏசு, இந்த முறை அமத்த மாட்டேன்.

குளிருக்குத் தொப்பி போடாமல் வெளியே திரியாதே என்று அம்மா எழுதச் சொல்கிறாள். உன்னையும் உன்னோடு இருக்கிறவரையும் ஆண்டவர் காப்பாராக, அவரை என்ன முறை சொல்லி எழுதுவது என்று தெரியாததால் இப்படி எழுதுகிறேன், குறை நினைக்காதே. இந்த நாட்டில் சட்டமும் உங்களுக்குச் சரியில்லை என்கிறார்கள், அதை விசாரித்துக்கொண்டு, வர மனம் இருந்தால் வா. ஒன்றை மட்டும் ஞாபகத்தில் வைத்திரு. இருட்டின பிறகு வந்து இறங்காதே, எல்லாரும் கடை வாசலில் நிற்கிற பகல் நேரமாகப் பார்த்து வா, உன்னைக் கூட்டிக்கொண்டு போகச் சந்தியில் நான் நிற்பேன்.

உன்னைப் பெற்றவன்,
யாகப்பு
அம்மா திரேசாவும்