சாலோமியின் இரண்டு படங்கள்

கொழும்பு
1911 ஜனவரி 14

என் கெசியாவுக்கு,

கர்த்தர் தயவால் நான் சுகம். நீயும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டுமென்று தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

நம் மகளை ஆறு மாதக் குழந்தையாக விட்டுவந்து மூன்று வருஷம் ஆகிறது. இந்தப் படக்கடையில் என் வேலையே துரைமார் பிள்ளைகளைத் தோட்டத்தில் நிறுத்திப் படம் பிடிப்பதுதான். சொந்தப் பிள்ளையின் இன்றைய முகம் மட்டும் எனக்குத் தெரியாது. நல்ல கூத்து! முதலாளி இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடு என்கிறார். சாலோமியின் படம் ஒன்று கையில் இருந்தால் எப்படியாவது ஓட்டிவிடுவேன் என்று தோன்றுகிறது.

படம் பிடிக்கிற மேலப்பாளையம் ஹபீப் முகம்மது அண்ணாச்சியைக் கூப்பிட்டு, காலை எட்டு மணிக்குள் எடுக்கச் சொல். நேர் வெயிலில் நிறுத்தினால் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போகும். நம் வேதக்கோவில் சுவர் நிழலில் நிறுத்தி, எதிரே ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தால் முகத்தில் வெளிச்சம் விழும்.

இத்துடன் ஒரு யானைப் படம். குழந்தைக்குக் காட்டு.

உன்
கிருபைராஜ்


பாளையங்கோட்டை
1911 பிப்ரவரி 2

அத்தானுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டாம் வகுப்பைத் தந்திருக்கிறார்கள். உங்கள் யானை வந்து சேர்ந்தது. சாலோமி அதைக் கையைவிட்டு இறக்கவில்லை.

நீங்கள் சொன்னபடியே வேட்டியெல்லாம் பிடித்தோம். அண்ணாச்சி ஒரு கிளிப்பொம்மையை ஆட்டி, "ஏ தாயி, இங்கன பாரு, கிளி பறக்கப் போவுது!" என்று தொண்டை வறளக் கத்தினார். உங்கள் மகளா பார்ப்பாள்? மரத்தில் மைனா கத்துகிற பக்கமே தலையை வைத்திருந்தாள். "ஆடாம நில்லு மக்ளே" என்று நான் வாயைத் திறந்ததுதான் தப்பு. அவர் படப்பெட்டியின் மூடியை எடுத்த நேரம் பார்த்து என் பக்கம் திரும்பிவிட்டாள். படத்தில் பிள்ளைக்கு இரண்டு முகம்! அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். அதை எப்படி அனுப்ப?

படம் எதற்கு அத்தான்? நீங்களே வந்து பாருங்களேன். கையெழுத்துப் போடுகிற விஷயத்தில் என்னை ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?

கெசியா


கொழும்பு
1911 பிப்ரவரி 20

கெசியாவுக்கு,

உன் கடுதாசி கண்டு கோபம்தான் வந்தது. ஒரு வகுப்பையே அடக்குகிற டீச்சருக்கு ஒரு பிள்ளையை நிறுத்த முடியவில்லையாம்! எதையாவது மறைக்கிறாயோ என்றுகூட நினைத்துவிட்டேன். பிறகு என்னையே திட்டிக்கொண்டேன்.

போகட்டும். வெயிலை நம்ப வேண்டாம். சாயங்காலம் மரத்து நிழலில் நிறுத்தி, மக்னீசியப் பொடியைக் கொளுத்தச் சொல். மின்னல் அடித்தாற்போல ஒரு வெளிச்சம் வரும். ஓடுகிற பிள்ளைகூடப் படத்தில் அசையாமல் விழும். தனியாக நிற்கப் பயந்தால் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளோடு சேர்த்து நிறுத்து. மே முதல் தேதிக்குள் முதலாளிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதற்குள் நான் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கிருபைராஜ்


பாளையங்கோட்டை
1911 மார்ச் 25

அத்தானுக்கு,

நீங்கள் கேட்ட படம் இத்துடன் வருகிறது. கோவில் வேப்பமரத்தடியில் பதினொரு பிள்ளைகள். முன்வரிசையில் மூன்றாவதாக வெள்ளைக் கவுனில் நிற்பவள் உங்கள் மகள். பொடி எரிந்ததும் பிள்ளைகள் போட்ட கூப்பாட்டில் உபதேசியார் வீட்டை விட்டு ஓடிவந்துவிட்டார்.

அண்ணாச்சி படத்தைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தவர், கிளம்பாமல் நின்றார். "இத அங்கன அனுப்பணுமா தாயி? தம்பி இதே தொழில்ல இருக்கான். பைய யோசிச்சுச் செய்யி" என்றார். மூன்று நாள் யோசித்தேன். அனுப்புகிறேன்.

நன்றாகப் பாருங்கள் அத்தான்.

கெசியா


கொழும்பு
1911 ஏப்ரல் 8

கெசியா,

அப்படியே உன் மூக்கு, உன் நெற்றி! கடை முழுக்கக் காட்டினேன். "பாரும்வே, பத்துப் பிள்ளையும் கண்ண இறுக்கிக்கிட்டு நிக்கி, எம் மவ ஒருத்திதான் முழிச்சுக்கிட்டு நிக்கா. பயம்னா என்னன்னே தெரியாது அவளுக்கு" என்று பீற்றிக்கொண்டேன்.

மறுநாள் ஒரு துரை வீட்டுப் பிள்ளைக்குப் பொடி கொளுத்தப் போனேன். கிழித்த தீக்குச்சியை ஊதி அணைத்துவிட்டேன். இங்கே எத்தனை பிள்ளைகள் முன்னால் கொளுத்தியிருக்கிறேன்! வெளிச்சம் அடித்தும் இமை அசையாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. அதற்கும் தைரியத்துக்கும் சம்பந்தமில்லை.

நான் புறப்படுகிறபோது விளக்கைத் தூக்கினால் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாளே கெசியா. என்ன ஆயிற்று? திட்டமாட்டேன். எழுது.

கிருபைராஜ்


பாளையங்கோட்டை
1911 ஏப்ரல் 19

என் அத்தானுக்கு,

அவளுக்குக் கண் தெரியாது. ஒரு வயதில் மணல்வாரி அம்மை கண்டது. காய்ச்சல் விட்டது, பார்வை திரும்பவில்லை. டாக்டரும் கையை விரித்துவிட்டார். அன்றைக்கே உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். அன்றைக்குத்தான் உங்கள் முதல் படம் வந்தது, கப்பல் படம். பின்னால் "மகளுக்குக் காட்டு" என்று எழுதியிருந்தீர்கள். படம் பிடிக்கிற மனுஷனுக்கு இதை எப்படி எழுதுவேன்? நாளைக்கு நாளைக்கு என்று இரண்டரை வருஷம் ஓடிவிட்டது.

ஆனால் உங்கள் படம் ஒன்றுகூட வீணாகவில்லை. அவள் கையில் கொடுத்து, அதில் என்ன இருக்கிறதென்று வாயால் சொல்லுவேன். முனை மடங்கினது யானை. எச்சில் பட்டு ஊறினது கப்பல். "அப்பா அனுப்புன கப்பல எடு" என்றால் தடவிப் பார்த்துச் சரியாக எடுத்துத் தருவாள்.

பரிதாபப்பட்டு நீங்கள் வர வேண்டாம். வெறுத்துப்போய் அங்கேயே இருந்துவிடவும் வேண்டாம். இந்த இரண்டுக்கும்தான் பயந்து கிடந்தேன். கோபமெல்லாம் என்மேல் இருக்கட்டும். அவளுக்குப் படம் அனுப்புவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

கெசியா


கொழும்பு
1911 ஏப்ரல் 28

என் கெசியாவுக்கு,

கையெழுத்துப் போடவில்லை. அடுத்த வாரம் சனிக்கிழமை தூத்துக்குடியில் இறங்குகிறேன். அங்கிருந்து ரயில். பிறகு ஆற்றுப்பாலம் தாண்டி நடந்தே வந்துவிடுவேன்.

உன் கடுதாசியைப் படித்துவிட்டு, படம் கழுவுகிற இருட்டறைக்குள் போய் அழுதேன். கோபமும் இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். எனக்கும் பங்குள்ள பாரத்தை நீ ஒருத்தியாகவே சுமந்தாய் பார், அதுதான் கோபம். அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்ளலாம். சோறு ஆக்கி வை.

ஹபீப் அண்ணாச்சியிடம் இன்றைக்கே ஆள் அனுப்பி, அந்த முதல் படம் பதிந்த கண்ணாடித் தகட்டைச் சுரண்டி அழித்துவிடாமல் வைக்கச் சொல். அது கெட்டுப்போன படம் இல்லையடி. உன் குரல் கேட்டாள், திரும்பினாள். எனக்கு அந்தப் படம்தான் வேண்டும்.

ஒரு காரியம் மட்டும் செய். யார் வருகிறதென்று அவளிடம் முன்னாலேயே சொல்லிவைக்காதே. வாசலில் நின்று நான் கூப்பிடுவேன். அவள் என் பக்கம் திரும்புகிறதை நான் பார்க்க வேண்டும்.

உன்
கிருபைராஜ்