நீலப்பூத் துணி கட்டிய பூசணி

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் பாப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்கிறோம், அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொள்கிறேன். போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் போனில் நீயும் சரி நானும் சரி, மழை பெய்ததா வெயில் அடித்ததா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறோம். இது அப்படிச் சொல்லக்கூடியது இல்லை. பாப்பாவுக்குச் சளி விட்டுவிட்டது. கடைவாய்ப் பல் முளைக்கிறது, அதனால் தையல் மெஷின் உறை முதல் என் செருப்பு வரை எல்லாம் அவள் வாய்க்குள் போய் வருகிறது. உன் அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வீட்டைப் பெருக்கி, என்னைத் திட்டி, இரண்டையும் முடித்துவிட்டுத்தான் கிளம்புகிறாள். என் கண்ணாடியை மாற்றிவிட்டேன், ஊசியில் நூல் கோக்க இப்போது யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பாப்பாவைப் பகலில் விடுகிற காப்பகத்தில், ஆளுக்கொரு சின்ன மஞ்சள் பூசணி வாங்கி வாருங்கள், வீட்டிலிருந்து ஒருவர் கூடவே உட்காரலாம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். கத்தியே கிடையாது, பூசணியை வெட்டாமல் அப்படியே வைத்துப் பெயின்ட் பூசலாம், ஒட்டலாம், கழுவலாம், பிள்ளைகளின் கைக்கு வழவழப்பும் சொரசொரப்பும் தெரிய வேண்டும், அவ்வளவுதான் என்றார். காய்கறிக் கடைக்காரர் எத்தனை பேருக்குச் சமையல் என்று கேட்டார். சமைக்க இல்லை, கண்ணும் மூக்கும் வைக்க என்றேன், பெரியவருக்கு என்னமோ ஆகிவிட்டது என்பதுபோல் பார்த்துவிட்டு நல்ல உருண்டையாக ஒன்று எடுத்துக் கொடுத்தார். நான் நம் தையல் கடையிலிருந்து வெட்டுத் துணிப் பையையும் ஒரு டப்பா பொத்தானையும் எடுத்துப் போனேன். பொத்தான் வேண்டாம், வாயில் போட்டுக்கொள்வார்கள் என்று டீச்சர் டப்பாவை வாங்கி அலமாரியின் மேல் வைத்துவிட்டார். முட்டி காதைத் தொடுகிற மாதிரி ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு பையன் பசையை நக்கிக்கொண்டிருந்தான், இன்னொருத்தி தன் பூசணியை விட்டுவிட்டு என் வேட்டிக்குப் பெயின்ட் அடித்தாள். நம் பாப்பா எதையும் தொடவில்லை. உனக்குத் தெரியும், ஆறேழு மாதமாக அவள் அப்படித்தான், கூட்டத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். துணிப் பையைக் கவிழ்த்தேன். அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு ஒரு துண்டை மட்டும் எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். நீலப்பூப் போட்ட துணி. மருமகளுக்கு நான் தைத்த நைட்டியில் மிஞ்சியது, ஆஸ்பத்திரியில் கடைசி வரை போட்டிருந்தாளே, அது. அது பையில் கிடப்பது எனக்கே நினைவில்லை. பாப்பா அதைப் பூசணிக்குச் சுற்றக் கை காட்டினாள், சுற்றினேன். கருப்புத் துணியில் கண் வெட்டிக் கொடுத்தேன், தானே ஒட்டினாள், ஒன்று மேலே ஒன்று கீழே. பிறகு அதைக் கட்டிக்கொண்டு, அம்மா என்றாள். டீச்சர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து அது வீட்டில் ஓர் ஆள். சாப்பிடும்போது பக்கத்தில் ஒரு தட்டு, தூங்கும்போது தலையணையில் இடம், தினமும் குளியல் வேறு. துணியைக் கழற்றி, குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்றித் துடைத்து மறுபடி கட்ட வேண்டும், கட்டுவது என் வேலை. மாதக்கணக்கில் பேசாதவள் அதனோடு பேசினாள், நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். உன் அக்கா, இதெல்லாம் நல்லதுக்கில்லப்பா, தூக்கிப் போட்டுடுங்க என்றாள். எனக்குக் கை வரவில்லை. உன்னிடமும் ஒருநாள் போனில் காட்டினாளே, அப்பா, அம்மா பாரு என்று. லைன் சரியில்லை என்று நீ வைத்துவிட்டாய். லைன் நன்றாகத்தான் இருந்தது, உன் முகத்தைப் பார்த்தேன். நான் குறை சொல்லவில்லை கண்ணா, உன் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

அத்தனை தண்ணீர் பட்டால் எது தாங்கும். அடிப்பக்கம் கொழகொழத்தது, வாடை வந்தது. அதே அளவில் வேறு ஒன்று வாங்கி, அவள் தூங்கும்போது துணியை மாற்றிக் கட்டிவிடலாம் என்று வாங்கியும் வந்துவிட்டேன். மனசு உறுத்தி டீச்சரிடம் கேட்டேன். அவர் சத்தம் போடாமல், மாத்தாதீங்கய்யா, இதுக்கு மேலயும் அவகிட்ட மறைச்சா அவ யாரத்தான் நம்புவா என்றார். மறுநாள் காலை அவளிடம் பதமாகச் சொல்லலாம் என்று அதைத் தூக்கினேன். அடி பிய்ந்து, உள்ளே இருந்த நாரும் விதையும் மொத்தமாகத் தரையில் விழுந்தன. பாப்பா அழவில்லை. உட்கார்ந்து, இரண்டு கையாலும் அள்ளி அள்ளித் திரும்ப உள்ளே வைத்தாள். உள்ள வை தாத்தா என்றாள். நானும் வைத்தேன். வைக்க வைக்க வழுக்கி வெளியே வந்தது. கிழிந்த துணி எவ்வளவோ தைத்திருக்கிறேன், அந்தத் தரையில் உட்கார்ந்து என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைசியில் அவள் தன் கையைப் பார்த்துவிட்டு, முடியல தாத்தா என்றாள்.

அப்போதுதான் சொன்னேன். அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள் என்று நீயும் நானும் பேசிவைத்துச் சொன்னதை விட்டுவிட்டு, உள்ளதைச் சொன்னேன். அம்மாவுக்கு உடம்பு ரொம்ப முடியாமப் போச்சு பாப்பா, டாக்டரால சரி பண்ண முடியல, அம்மா செத்துப்போயிட்டா, இனிமே வரமாட்டா என்றேன். உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன், கோபம் இருந்தால் என்னிடம் காட்டு, அவளிடம் வேண்டாம். அவள் கையைக் கழுவிவிட்டேன், துணியை அலசிக் கொடியில் போட்டேன். என் பின்னாலேயே வந்து வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். அப்பாவுமா என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நீ கிளம்பிய அன்றும் அவளிடம், அப்பா ஊருக்குப் போயிருக்கார் என்றுதானே சொன்னோம். அவள் கணக்கில் இரண்டு பேரும் ஒரே ஊருக்குத்தான் போயிருக்கிறீர்கள். இல்லை பாப்பா, அப்பா வருவார் என்றேன். தினமும் கேட்கிறாள், தினமும் அதையே சொல்கிறேன். நான் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறாள், நம்புகிறாள் என்று சொல்ல மாட்டேன்.

லீவு கிடைப்பது கஷ்டம் என்று தெரியும். கேட்டுப் பார். அதுவரை தினமும் கூப்பிடு, முகத்தைத் திருப்பாமல் பேசு. அவள் அம்மாவைப் பற்றிப் பேசினால் நீயும் பேசு, அழுகை வந்தால் அவள் முன்னாலேயே அழு, அழுகிறவன் எங்கேயும் போய்விடவில்லை என்றாவது அவளுக்குத் தெரியட்டும். குளிருக்குக் காதைக் கட்டிக்கொள், வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. நீயும் உன் பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும், எனக்கு வேறு ஆசை இல்லை. வரும்போது சாமான் எதுவும் வாங்கி வர வேண்டாம். நீ வந்தால் போதும், அவள் தொட்டுப் பார்க்கட்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அப்பா